மேடை வெளிச்சத்தில் கமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இசை நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் தொழிலுக்குள் நுழைவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் பாட இந்தியப் பாடகர்கள் வரும்போது மேடைக்கு முன்னால் நின்று படமெடுப்பவர்கள் எப்படி உள்ளே போகிறார்கள்? அந்த பாஸ் எங்கே கிடைக்கும்?
*மாணவர், சுன்னாகம்*

பாஸை யாரும் விற்பதில்லை. பாடகரின் முகநூலுக்குச் செய்தி அனுப்பியும் பயனில்லை. மேடைக்கு முன்னால் யார் நிற்கலாம் என்று முடிவு செய்பவர் ஏற்பாட்டாளர்தான். அவர் உங்களை மூன்று விதத்தில் உள்ளே விடலாம்: தானே அமர்த்திய படப்பிடிப்பாளராக, பத்திரிகை அல்லது இணையத்தளத்தின் கடிதத்தோடு வந்தவராக, இல்லையென்றால் அனுசரணையாளரின் ஆளாக. புதியவருக்குச் சுலபமானது மூன்றாவது. அனுசரணை கொடுத்த கடை முதலாளிக்குத் தன் பெயர்ப்பலகை மேடையோடும் கூட்டத்தோடும் சேர்ந்து விழுந்த படம் வேண்டும். பாடகரின் முகத்திலேயே கண் வைத்திருக்கும் படப்பிடிப்பாளர்கள் அதை எடுத்துக் கொடுப்பதில்லை. அந்த ஓட்டைக்குள்ளால் நுழையுங்கள்.

நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பாவது ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நீங்கள் யார், படம் எங்கே வெளிவரும், எத்தனை படம் எப்போது அவர்கள் கையில் இருக்கும், ஃபிளாஷ் போடமாட்டீர்கள் என்பது. இவ்வளவு போதும். உங்கள் கமராவின் பெயரை எழுதத் தேவையில்லை, ஏற்பாட்டாளருக்கு அதில் அக்கறை கிடையாது. கூடவே 12 படங்கள், கூடினால் 20. ஒரே பாடகரின் 20 முகம் வேண்டாம். நெருக்கமான முகம், முழு மேடை, வாத்தியக்காரர், கூட்டம், மேடைக்குப் பின்புறம் என்று கலந்திருக்கட்டும். நான்கைந்து வெவ்வேறு நிகழ்ச்சிகளில் எடுத்தவையாக இருந்தால், இந்தப் பிள்ளை ஒருநாள் அதிர்ஷ்டத்தில் எடுத்ததில்லை என்று தெரியும்.

பெரிய மேடைகளில் உலகம் முழுவதும் ஒரு வழக்கம் உண்டு: முதல் மூன்று பாட்டு மட்டும், ஃபிளாஷ் இல்லை, பிறகு முன்னிடத்தை விட்டு வெளியேற வேண்டும். கையில் இருப்பது பதினைந்து நிமிடம் அளவுதான். முதல் பாட்டில் பாடகரின் பாதுகாப்பான படங்களை எடுத்து முடியுங்கள், இரண்டாவதில் மற்றக் கலைஞர்கள், மூன்றாவதில் அகலமான லென்ஸ். மூன்று பாட்டும் பாடகரையே துரத்தினால் கிற்றார்காரர் ஒருவர்கூட இல்லாமல் வீட்டுக்கு வருவீர்கள்.

தடுப்பு வேலியோடு ஒட்டி நிற்க வேண்டாம். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த ஹரிஹரன் இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். போனவுடன் வெளியேறும் வழியைப் பார்த்துவைத்து, பையைத் தரையில் வைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் முற்றவெளியில் தொடங்க நினைப்பதுதான் பிழை. வீரசிங்கம் மண்டபத்து நிகழ்ச்சிகள், மருதனார்மடத்தில் பல்கலைக்கழக இசைப் பிரிவு மாணவர்களின் கச்சேரிகள், பாடசாலை இசைவிழா, மிருதங்க அரங்கேற்றம், கோயில் திருவிழா இரவில் நடக்கும் மெல்லிசைக் குழு. இங்கெல்லாம் பாஸ் இல்லை, கேட்டால் விடுவார்கள், மூன்று மணிநேரம் முழுவதும் எடுக்கலாம். சவுண்ட்காரரும் லைற்காரரும் எல்லா மேடையிலும் அநேகமாக அதே ஆட்கள்தான். அவர்கள் உங்கள் முகத்தைப் பழகிவிட்டால் பெரிய நிகழ்ச்சி வரும்போது ஏற்பாட்டாளரிடம் உங்கள் பெயரைச் சொல்லப்போவதும் அவர்கள்தான்.

என்னிடம் சிறிய சென்சர் கமராவும் அதோடு வந்த 18–55 லென்ஸும் இருக்கின்றன. படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது. புதுக் கமரா வாங்க வேண்டுமா?
*வாசகர், கோண்டாவில்*

வேண்டாம், முதலில் லென்ஸ். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் பெரும்பாலான நிறுவனங்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று. எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். உங்கள் 18–55 லென்ஸை 55 இல் வைத்தால் திறப்பு எஃப் 5.6 ஐவிடப் பெரிதாகாது. எஃப் 1.8 இல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதாவது ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 12800 இல் எடுத்துப் புள்ளியாகிப்போன அதே படத்தை 1300 அளவில் எடுக்கலாம். சிறிய சென்சரில் 50 மி.மீ. என்பது 75–80 போல நடந்துகொள்ளும். வீரசிங்கம் மண்டபம் போன்ற இடத்தில் முன் வரிசையிலிருந்து அரை உடம்புப் படத்துக்குச் சரியாக இருக்கும்.

அடுத்தது 85 எஃப் 1.8. எல்லோரும் ஆசைப்படும் 70–200 எஃப் 2.8 ஐ இப்போதைக்கு வாடகைக்கு எடுங்கள். கல்யாணப் படம் எடுக்கும் ஸ்ரூடியோக்களில் அது சும்மா கிடக்கும் நாட்கள் உண்டு, முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்துக் கேளுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்கினால் பின்பக்க மூடியைக் கழற்றி, கைபேசி ரோர்ச்சை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் பூஞ்சணம், வாங்க வேண்டாம். எங்கள் ஊர்க் கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் லென்ஸுக்கு ஆகாதவை. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கும்படி வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று சிறிய விலைதான். தோல் உறைக்குள் மூடி வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து.

இன்னொன்று: காதடைப்பான். ஒலிபெருக்கிக்கு முன்னால் 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பாக நிற்கக்கூடிய நேரம் 15 நிமிடம்தான் என்பது தொழில்சார் சுகாதார அளவுகோல். காது போனால் வாங்கமுடியாது.

மேடையில் நீல லைற், சிவப்பு லைற் விழுந்தால் பாடகரின் முகம் ஒரே பூச்சாகப் போய்விடுகிறது. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டிகளும் விழுகின்றன. என்ன பிழை விடுகிறேன்?
*படப்பிடிப்பாளர், மானிப்பாய்*

இவை இரண்டு வேறு நோய்கள்.

முதலாவது நிறம். கமரா சென்சரில் உள்ள புள்ளிகளில் பாதி பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. எல்.ஈ.டி. விளக்கு சுத்த நீலத்தை மட்டும் உமிழும்போது அந்தக் கால்வாசிப் புள்ளிகள்தான் உருப்படியாக வேலை செய்கின்றன. அவை சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். கமராவோ மொத்த வெளிச்சத்தைக் கணக்குப்போட்டு, 'இருட்டாக இருக்கிறது' என்று இன்னும் கூட்டிவிடுகிறது. வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்ரோகிராமில் வெள்ளையை மட்டும் பார்த்தால் எல்லாம் சரிபோலவே இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்ரோகிராமைப் போட்டு, நிரம்பும் நிறம் வலது சுவரில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். அநேகமாக மூன்றில் இரண்டு ஸ்ரொப் முதல் ஒரு ஸ்ரொப் வரை தேவைப்படும் (ஒரு ஸ்ரொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ரோ கோப்பாகவே (கமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுக்க வேண்டும், ஜேபெக்கில் போன நிறம் திரும்பாது. வைற் பலன்ஸை ஓட்டோவில் விடாமல் 4000 கெல்வின் அளவில் நிறுத்திவிட்டால், பிறகு எல்லாப் படங்களையும் ஒன்றாகத் திருத்தலாம்.

இவ்வளவு செய்தும் சில படங்கள் தேறா. அவற்றை வழியாத நிறத்தை வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அதைவிடச் சிறந்த வழி பொறுமை. லைற்காரர் நிறங்களை மாற்றிக்கொண்டே இருப்பார், பல்லவி திரும்பும் இடத்தில் அநேகமாக வெள்ளையோ மஞ்சளோ கலக்கும். முதல் பாட்டில் அந்தச் சுழற்சியைக் கவனித்தால் இரண்டாவதில் விரல் தயாராக இருக்கும். நிகழ்ச்சி தொடங்க முன்பே லைற்காரரிடம் போய், 'அண்ணை, முதல் பாட்டுக்கு முகத்துக்குக் கொஞ்சம் வெள்ளை விடுவீங்களோ?' என்று கேளுங்கள். வீடியோக்காரருக்கும் அது வேண்டும் என்பதால் பெரும்பாலும் விடுவார். இந்த ஒரு கேள்வி ஒரு லென்ஸுக்குச் சமம்.

இரண்டாவது நோய் பட்டிகள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் ரியூப் லைற் செக்கனுக்கு 100 தடவை மங்கி எரியும். எல்.ஈ.டி. விளக்குகள் மங்கலாக்கப்படும்போது செக்கனுக்குப் பல நூறு, சில வேளை பல ஆயிரம் தடவை அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, சென்சருக்குத் தெரியும். சத்தமில்லாத இலத்திரனியல் ஷட்டர் சென்சரை மேலிருந்து கீழாக மெதுவாக வாசிப்பதால், வாசித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு பலமுறை அணைந்துவிடுகிறது. அதுதான் பட்டி. எல்.ஈ.டி. மேடையில் பொறிமுறை ஷட்டருக்கு மாறுங்கள். அப்போதும் விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனிலிருந்து 1/200, 1/125 என்று இறங்குங்கள். கமராவில் உள்ள 'அன்ரி ஃபிளிக்கர்' வசதி பெரும்பாலும் ரியூப் லைற்றுக்கானது, எல்.ஈ.டி. யிடம் அது தோற்கும். பின்னால் உள்ள பெரிய எல்.ஈ.டி. திரையிலும் இதே பட்டிகள் வரும். திரையில் நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் திறப்பை எஃப் 2 க்குக் கொண்டுபோய்த் திரையை மங்கச் செய்யுங்கள், அல்லது இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

தொடங்குவதற்கு ஓர் அளவு: மனுவல், எஃப் 2.8, 1/250, ஐ.எஸ்.ஓ. 3200. ஒரு படம் எடுத்து முகத்தை மட்டும் பார்த்து, ஐ.எஸ்.ஓ. வைக் கூட்டிக் குறையுங்கள். துள்ளிப் பாடுபவருக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் 1/500 வேண்டும்.

முகம் தெளிவில்லாமல் மைக் மட்டும் தெளிவாக வருவது மூன்றாவது தொல்லை. பெரிய சென்சரில் 85 மி.மீ. எஃப் 1.8 இல் மூன்று மீற்றர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 13 சென்ரிமீற்றர்தான், ஃபோகஸ் புள்ளிக்குப் பின்னால் அதில் பாதி. ஃபோகஸ் மைக்கில் விழுந்தால் கண் வெளியே போய்விடும். ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள், தொடர் ஃபோகஸில். பாடகர் வலது கையில் மைக் பிடித்தால், மேடையைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு வலது பக்கமாக நகருங்கள், கை முகத்தை மறைக்காது.

லேசர் விளக்கு உங்கள் பக்கம் திரும்பினால் கமராவைத் தாழ்த்துங்கள். நேராக லென்ஸுக்குள் விழும் லேசர் சென்சரை நிரந்தரமாகச் சுட்டுவிடும், எந்தத் திருத்தமும் அதை மாற்றாது.

கர்நாடக இசைக் கச்சேரியில் ஷட்டர் சத்தம் கேட்டால் வித்துவான்கள் முறைக்கிறார்கள். எங்கே இருந்து, எப்போது எடுப்பது?
*வாசகி, பருத்தித்துறை*

முறைப்பது நியாயம்தான். ஆலாபனை நடக்கும்போது 'டக்' என்ற சத்தம் சபை முழுவதுக்கும் கேட்கும். இங்கே இலத்திரனியல் ஷட்டர் நல்லது, ஏனென்றால் மண்டபங்களில் அநேகமாக ரியூப் லைற் அல்லது சாதாரண வெள்ளை வெளிச்சம். வேகத்தை 1/100 அல்லது 1/50 இல் வையுங்கள். ரியூப் லைற்றின் ஒரு முழுச் சுற்று அதற்குள் அடங்குவதால் பட்டி விழாது. அமர்ந்து பாடுபவர் 1/100 இல் தெளிவாக வருவார். ஒரு சங்கதி முடிந்து கை ஒரு கணம் நிற்கும் இடத்தில் மூன்று மூன்றாக எடுங்கள். பொறிமுறை ஷட்டர் மட்டுமே இருந்தால் கைதட்டலும், மிருதங்கம் கனமாக ஒலிக்கும் இடமும்தான் உங்கள் நேரம்.

இருக்கும் ஒழுங்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சபையிலிருந்து பார்க்கும்போது மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், கடமோ முகர்சிங்கோ இருந்தால் பின்னால். மிருதங்கக்காரரின் வலக்கை சபைப் பக்கம் இருக்கும்படிதான் இந்த ஒழுங்கு. சபையின் வலது ஓரத்தில் நின்றால் பாடகரோடு மிருதங்கக்காரரின் முகம் ஒரே படத்தில் விழும், இடது ஓரத்தில் நின்றால் வயலின்காரரின் முகம். நடுவில் நின்றால் மைக் தாங்கி பாடகரின் வாயை மறைக்கும், யாருக்கும் வேண்டாத படம். மேடைக்குக் கீழே ஒட்டியிருந்து மேல்நோக்கி எடுத்தால் நாடியும் மூக்குத் துவாரமும்தான். ஐந்தாறு மீற்றர் பின்னால், ஓர நடைபாதையில், 85 முதல் 135 வரையான லென்ஸோடு நில்லுங்கள்.

இடம் மாறுவது பாட்டு முடிந்த பிறகு மட்டும். இராகம் பாடும்போது குறுக்கே நடந்த படப்பிடிப்பாளரை அடுத்த முறை அழைக்கமாட்டார்கள், படம் எவ்வளவு நன்றாக வந்தாலும். மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் பிரதான உருப்படியில் வரும், அந்த உருப்படி தொடங்க முன்பே மிருதங்கப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருங்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாடகர் தாளம் போட்டபடி ரசித்துப் பார்ப்பது பாடும்போது எடுத்த எந்தப் படத்தையும்விட நன்றாக இருக்கும்.

திருவிழாவில் நாதஸ்வரம், தவில் எடுக்க விருப்பம். ஆலோசனை?
*வாசகர், அளவெட்டி*

உங்கள் ஊருக்கே சொந்தமான பாடம். முதலில் அனுமதி: நல்லூர் உட்படப் பல ஆலயங்களில் உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள். வெளிவீதியில்கூடப் பரிபாலன சபையிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். வேட்டியோடு, மேற்சட்டை இல்லாமல் நிற்கப் பழகுங்கள். கமரா வாரை வெற்றுடம்பில் குறுக்கே மாட்டினால் வியர்வையில் வழுக்கும், கைப்பட்டி நல்லது.

நாதஸ்வரத்தை நேருக்கு நேர் எடுத்தால் அணைசு (குழலின் அகன்ற அடிப்பகுதி) மட்டும் பெரிதாகி முகம் மறைந்துபோகும். 45 பாகை பக்கவாட்டில் நில்லுங்கள், கன்னமும் விரலும் முழுக் குழலும் வரும். தவிலுக்கு இரண்டு படம் உண்டு. 1/500 இல் கழியும் கூடு போட்ட விரல்களும் உறைந்து நிற்கும். 1/60 இல் முகம் நிற்க, கை மட்டும் புகையாக ஓடும். இரண்டாவதுக்குப் பத்தில் ஒன்று தேறினால் நல்ல கணக்கு. இரண்டு தவில்காரர் சமா வைக்கும்போது வாசிப்பவரைவிடக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவரின் முகத்தைப் பாருங்கள்.

ஃபிளாஷ் போடவே கூடாதா?
*வாசகர், வவுனியா*

கலை நடக்கும்போது கூடாது. மங்கள விளக்கேற்றல், பொன்னாடை, நினைவுச்சின்னம் வழங்கல் இவற்றுக்குப் போடலாம், போடவும் வேண்டும். எங்கள் மேடைகளில் ஏற்பாட்டாளர் காசு தருவது பாதிக்கு மேல் இந்தப் படங்களுக்காகத்தான். பிரதம விருந்தினர் கண்மூடியிருக்கும் ஒரே படத்தைக் கொடுத்துவிட்டுப் பாடகரின் அபூர்வமான படத்தைக் காட்டிப் பிழைக்க முடியாது. ஒவ்வொரு பொன்னாடைக்கும் நான்கு படம் எடுங்கள்.

நல்லூர்ப் பக்கம் நடக்கும் நிகழ்ச்சியை ட்ரோனில் எடுக்கலாமா?
*வாசகர், திருநெல்வேலி*

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் கூடாது. கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கவிடுவது அனுமதி இருந்தாலும் புத்தியல்ல. எதிர்ப்பக்கக் கட்டடத்தின் மொட்டைமாடி வீட்டுக்காரரிடம் கேட்டுப்பாருங்கள், படம் அநேகமாக அதைவிட நன்றாக வரும்.

'உங்கட பேர் போடுறம் தம்பி' என்று சொல்லியே எல்லோரும் வேலை வாங்குகிறார்கள். எவ்வளவு கேட்பது?
*படப்பிடிப்பாளர், சாவகச்சேரி*

பெயர் போடுவது சம்பளம் அல்ல, அது எப்படியும் போட வேண்டியது. முதல் நான்கைந்து நிகழ்ச்சியை இலவசமாக எடுப்பதில் தவறில்லை, நீங்களே கேட்டுப் போனவை என்றால். அவர்கள் உங்களை அழைத்தால் அது வேலை.

கணக்கை இப்படிப் போடுங்கள்: வாடகைக்கு எடுத்த பொருள், போக்குவரத்து, மண்டபத்தில் நின்ற மணி, அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு திருத்தும் மணி. மூன்று மணிநேரக் கச்சேரி என்றால் கணினிக்கு முன்னால் ஐந்தாறு மணி போகும். புதியவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காததால்தான் நட்டப்படுகிறார்கள். தேதி உறுதியாகும்போது பாதி முற்பணம், படம் கொடுக்கும்போது மீதி. வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை படம், எந்தத் தேதிக்குள், எங்கே பாவிக்கலாம், நிகழ்ச்சி மழையால் நின்றால் முற்பணம் என்னாகும்.

பாவனை உரிமைதான் முக்கியம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாக்கிறது. ஆனாலும் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது உரிமை யாருக்கு என்பதை எழுதிவைக்காவிட்டால் பிறகு வாதாட நேரிடும். முகநூலுக்கும் நினைவு மலருக்கும் ஒரு விலை, விளம்பரப் பதாகைக்கும் இறுவட்டு அட்டைக்கும் வேறு விலை. மூல ரோ கோப்புகளைக் கொடுக்க வேண்டாம். யாரோ ஒருவர் நிறத்தைக் கெடுத்து உங்கள் பெயரோடு போடுவார்.

கச்சேரிப் படத்தை மட்டும் வைத்து யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்த முடியாது. கல்யாணமும் சாமத்தியவீடும் அடுப்பெரிக்கும், கச்சேரி மேலதிகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அரங்கேற்றம். புலம்பெயர்ந்த குடும்பங்கள் பிள்ளையை இங்கே கொண்டுவந்து அரங்கேற்றும்போது கல்யாண அளவுக்குச் செலவு செய்கிறார்கள், மேடை வெளிச்சத்தில் எடுக்கத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். கல்யாணப் படப்பிடிப்பாளர் பலர் அங்கே ஃபிளாஷோடு தடுமாறுவார்கள், உங்கள் வாய்ப்பு அதில்தான்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு படங்களை எப்படிக் கொடுப்பது? 800 படம் எடுத்தால் எத்தனை கொடுக்க வேண்டும்?
*வாசகி, கிளிநொச்சி*

அன்றிரவே பத்து. மிச்சம் மூன்று நாளில், 40 முதல் 60 வரை. ஏற்பாட்டாளர் முகநூலில் போடுவது அன்றிரவு அல்லது அடுத்தநாள் காலை. அதற்குப் பிறகு போகும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரோ ஒருவரின் கைபேசிப் படம் முந்திவிட்டிருக்கும். இடைவேளையிலேயே கமராவில் நல்லவற்றுக்கு நட்சத்திரம் போட்டுவைத்தால் வீட்டில் தேட வேண்டியதில்லை.

முதல் சுற்றில் தெளிவில்லாதவை, கண்மூடியவை, வாய் கோணியவை போகட்டும். இரண்டாவதில் ஒரே மாதிரியான ஆறில் ஒன்றை வையுங்கள். பாடகிக்கு ஒப்பாத முகபாவம் உள்ள படத்தை, உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், கொடுக்க வேண்டாம். புள்ளி நீக்கும் மென்பொருளை முழு அளவில் போட்டால் தோல் மெழுகாகிவிடும், பாதியில் நிறுத்துங்கள்.

இணையத்துக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல், எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளி, ஜேபெக். அச்சுக்கு முழு அளவு தனிக் கோப்புறையில். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுங்கிவிடும், 'ஆவணம்' என்று அனுப்புங்கள் அல்லது ட்ரைவ் இணைப்புக் கொடுங்கள். பக்கவாத்தியக் கலைஞர் எல்லோருடைய பெயரையும் நிகழ்ச்சி நிரலிலிருந்து பார்த்துக் கோப்பின் விவரத்தில் எழுதுங்கள். அவர்களுக்கும் ஆளுக்கு மூன்று படம் தனியே அனுப்புங்கள். பாடகரை எல்லோரும் எடுப்பார்கள், கடக்காரருக்குப் படம் அனுப்பியவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அடுத்த வாரம் அவர் வேறொரு மேடையில் இருப்பார்.

மெமரி காட்டை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே அழியுங்கள்.